எங்கும் போகாத வண்டியின் எடை

1972ஆம் ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ நகரின் பந்தயத் தடத்தில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தார். எர்னெஸ்டோ கொல்நாகோ அதற்கென்றே செய்து தந்த மிதிவண்டியின் எடை ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோ. துளைக்க முடிந்த இடங்களிலெல்லாம் உலோகத்தைத் துளைத்து எடுத்திருந்தார்கள். வேகத்தை நாடுகிறவனுக்கு எடை பகை என்பதில் நமக்கு வியப்பில்லை. ஆனால் எங்கும் போகாத ஒரு மிதிவண்டி உண்டு. பத்தடிச் சதுரத்துக்குள் சுற்றிச் சுழன்று தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும் அந்த வண்டியின் எடையைக் குறைக்கவும் மனிதர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றையே இங்கே சொல்ல விழைகிறோம்.

பி.எம்.எக்ஸ். என்னும் இருபது அங்குலச் சக்கர வண்டி, 1970களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியச் சிறுவர்கள் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் போலப் புழுதியில் பாய்ந்து பழகியதில் பிறந்தது. அதன் கிளைகளுள் ஒன்று ஃப்ளாட்லேண்ட். சறுக்குமேடையும் படிக்கட்டும் அதற்குத் தேவையில்லை. வழவழப்பான சமதளத் தரை போதும். ஆடுபவர் ஒற்றைச் சக்கரத்தில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலின் முனைகளில் திருகிய நான்கங்குலக் குழாய்களின் மேல் நின்றுகொண்டு, வண்டியைத் தம்மைச் சுற்றியும் தம்மை வண்டியைச் சுற்றியும் சுழற்றுவார். அந்தக் குழாய்களுக்குப் ‘பெக்’ என்று பெயர். கால் தரையைத் தொட்டால் பிழை. பந்தயம் என்பதைவிட நடனம் என்பதே இதற்குப் பொருந்தும்.

தொடக்கத்தில் இவ்வண்டி இளைக்கவில்லை, பருத்தது. பாப் ஹாரோ 1982இல் சாகச ஆட்டத்துக்கென்றே ஒரு சட்டகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். (அதே ஆண்டு வெளிவந்த ‘ஈ.டி.’ திரைப்படத்தின் மிதிவண்டிக் காட்சிகளில் சாகச ஓட்டியாக இருந்தவரும் இவரே.) அன்றைய ஆட்டம் நிற்கும் ஆட்டம். பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தைத் தரையோடு பூட்டிவிட்டு, வண்டியின் மேல் ஏறி நின்று, துள்ளி, சமநிலை காட்டுவார்கள். ஏறி நிற்க இடம் வேண்டுமென்று சட்டகத்திலும் ஃபோர்க்கிலும் சிறு மேடைகளையும் கூடுதல் குழாய்களையும் பற்றவைத்தார்கள். ஹேண்டில்பாரை முழுவட்டம் சுழற்றினால் பிரேக் கம்பிகள் முறுக்கிக்கொண்டன. 1980களின் நடுவில் பிரையன் ஸ்குரா அதற்கு ஒரு தீர்வு கண்டார்: பின் பிரேக் கம்பியை இரண்டாகப் பிரித்து, நடுவே சுழலும் தட்டுகளை வைக்கும் ‘ஜைரோ’. அருமையான கருவிதான். ஆனால் தட்டுகளும் கூடுதல் கம்பிகளுமாக வண்டி மேலும் கனத்தது.

திருப்பம் கலிபோர்னியாவிலிருந்து வரவில்லை. அமெரிக்காவின் மறுகோடியில், பென்சில்வேனியா மாநிலத்து யார்க் என்ற ஊரில், பிளைவுட் ஹுட்ஸ் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட இளைஞர் குழு ஒன்று இருந்தது. அதன் தலைமகன் கெவின் ஜோன்ஸ். 1980களின் பிற்பகுதியில் இக்குழுவினர் வெளியிட்ட ‘டார்க்கின் இன் யார்க்’ ஒளிநாடாக்களைப் பார்த்தவர்களுக்கு ஆட்டத்தின் இலக்கணமே மாறிவிட்டது புரிந்தது. ஜோன்ஸ் வண்டியைப் பூட்டி நிறுத்தவில்லை, உருளவிட்டார். ஒரு காலால் டயரைத் தேய்த்துத் தள்ளி, உருளும் ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு நழுவினார். சிற்பமாக இருந்தது நாட்டியமாயிற்று. பற்றவைத்த மேடைகள் ஓரிரு ஆண்டுகளில் வேலையற்றுப் போயின. நிற்பதற்கு ஆக்சில் முனைப் பெக் போதுமானதாக இருந்தது.

இந்த வரலாறு முழுவதிலும் நமக்குத் தென்படுவது இதுதான்: ஆட்டக்காரரின் உடல் ஓர் உறுப்பை மறந்த பிறகே அது வண்டியிலிருந்து கழன்றது. எடை குறைக்கும் எண்ணம் முதலில் வந்து ஆட்டம் பின்னால் மாறியதாக நாம் காணும் சான்றுகள் மிகக் குறைவு.

இடையில் ஒரு பின்னடைவும் உண்டு. 1980களின் இறுதியில் பி.எம்.எக்ஸ். சந்தை சரிந்தது, பெரிய தொழிற்சாலைகள் கைகழுவின. எஞ்சியவர்கள் தாங்களே நிறுவனங்கள் தொடங்கினார்கள்; மேட் ஹாஃப்மனின் ஹாஃப்மன் பைக்ஸ் அவற்றுள் ஒன்று. பழைய சட்டகங்கள் தம் காலடியில் முறிந்ததைக் கண்டு நொந்தவர்கள் ஆகையால், முறியாத வண்டியே அவர்களது முதற்கனவு. தடித்த இரும்பு, 14 மில்லிமீட்டர் ஆக்சில், 36க்குப் பதில் 48 ஸ்போக்ஸ் கம்பிகள் என்று வண்டி கோட்டைபோல் ஆயிற்று. பதினாறு கிலோவைத் தொட்டவையும் தாண்டியவையும் 1990களில் சாதாரணம். கைப்பிடிச் சுவர்களிலிருந்து குதிப்பவனுக்கு அந்தப் பலம் வேண்டும். சமதளத்தில் ஆடுபவனுக்கு அதில் பாதி போதும். ஆனால் அவனுக்கென்று தனியாகச் செய்து தர அன்று ஆட்கள் குறைவு. பிறருக்குத் தைத்த சட்டையையே அவனும் அணிந்தான்.

எடை ஏன் அவனை அவ்வளவு வருத்தியது? சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. சுழல் மையத்திலிருந்து உள்ள தொலைவு இருமடங்கானால் சுழற்சிக்கு எதிரான தடை நான்கு மடங்காகும். 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் 100 கிராம், 30 சென்டிமீட்டரில் இருக்கும் 400 கிராமுக்குச் சமம். முன்சக்கரத்தின் மேல் நின்று சுழல்பவருக்குப் பின்சக்கரம் கவண்கல்லைப் போல வெளிவட்டத்தில் சுற்றுகிறது. ஆகவே பின்புறத்து ரிம், டயர், ஹப், பெக் ஆகியவற்றில் குறையும் ஒவ்வொரு கிராமும் மணிக்கட்டுக்குத் தெரியும். ஒரே அசைவை நாளைக்கு நூறு முறை பயில்பவரின் மணிக்கட்டு அது.

2000களில் விடுதலை பல வாசல்கள் வழியே வந்தது. பற்சக்கரம் சுருங்கியதை முதலில் சொல்ல வேண்டும். முன்னே 44 பற்களும் பின்னே 16 பற்களும் இருந்த இடத்தில் 25க்கு 9 என்ற சிறிய இணை வந்தது. விகிதம் ஏறத்தாழ அதேதான். மிதிக்கும் காலுக்கு வேறுபாடு தெரியாது. சக்கரங்கள் சிறுத்ததோடு செயினிலும் பதின்மூன்று கண்ணிகள் மிச்சமாயின. கைப்பிடிச் சுவரில் பற்சக்கரம் மோதாதிருக்கத் தெருச் சாகசக்காரர்கள் விரும்பிய மாற்றம் இது. ஃப்ளாட்லேண்ட்காரர்களோ தங்கள் தேவைக்கேற்ப விகிதத்தையும் குறைத்து, இன்னும் சிறிய சக்கரத்தைப் பூட்டிக்கொண்டார்கள்.

குழாய்களின் கதை இன்னும் பழையது. இரு முனையிலும் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்கு பர்மிங்ஹாமில் ஆணி செய்துவந்த ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். கணுவில் கனத்து இடையில் மெலியும் மூங்கிலை அறிந்த நமக்கு அதன் நியாயம் எளிதில் விளங்கும்: அழுத்தம் இணைப்பில்தான் மிகுதி. நூறாண்டு கழித்து பி.எம்.எக்ஸ். சட்டகங்கள் அந்தப் பாடத்தை ஊன்றிப் படித்தன. குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த 4130 எஃகை வெப்பப் பதம் செய்து வலுவேற்றினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். ஆயினும் சட்டகம் பெரும்பாலும் எஃகாகவே நீடித்தது. ஓரளவுக்கு உட்பட்ட அழுத்தத்தை எஃகு எத்தனை லட்சம் முறையும் தாங்கும். அலுமினியத்தில் சிறு அழுத்தமும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாகும்.

பெக்கின் கதை நமக்கு மிகவும் பிடித்தது. தெருச் சாகசக்காரர் அதைக் கம்பிமீதும் கல்மீதும் தேய்த்துச் சறுக்குவார். அவருக்கு எஃகு வேண்டும். ஃப்ளாட்லேண்ட்காரருக்கு அது பாதம் பதிக்கும் இடம் மட்டுமே. ஆகவே சொரசொரப்பான மேற்பரப்புடைய அலுமினியம் போதும். நான்கு பெக்குகளில் மிச்சப்பட்ட எடை முழுவதும் ஆக்சில் முனைகளிலிருந்து, அதாவது சுழற்சியை மிகுதியாகத் தடுக்கும் இடங்களிலிருந்து குறைந்தது.

பிறகு பிரேக். உருளும் ஆட்டம் முதிர முதிர, வேகத்தை உடலின் சாய்வினாலேயே ஆளக் கற்றவர்கள் முதலில் ஒன்றையும் பின்பு இரண்டையும் கழற்றினார்கள். லீவர், கம்பி, கட்டை, ஜைரோ எல்லாம் ஒருசேரப் போயின. காசு செலவில்லாத எடைக் குறைப்பு இது. ஆனால் இலவசம் என்று நாம் சொல்லமாட்டோம். பிரேக்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வண்டியைக் கிறீச்சிட வைத்து ஆடிய நுட்பங்களின் ஒரு முழு வகையே இளையோரின் கையிலிருந்து நழுவிற்று. இன்றும் முன் பிரேக்கை விடாத மூத்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று சிரிப்பது தவறு. அவர்கள் சுமப்பது இரும்பை அல்ல, ஒரு சொற்களஞ்சியத்தை.

2003க்குப் பிறகு எக்ஸ் கேம்ஸ் போட்டிகளிலிருந்து ஃப்ளாட்லேண்ட் நீக்கப்பட்டது. தொலைக்காட்சிப் பணம் போனபின்னும் இக்கலைக்கெனச் சட்டகமும் உறுப்புகளும் செய்த சிறு நிறுவனங்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் தாக்குப்பிடித்தன. ஜெர்மனியின் கே.எச்.ஈ. மடித்துவைக்கத்தக்க மெல்லிய டயர்களைக் கொண்டுவந்தது. கனடாவின் மெக்நீல் சீட்டை ஒற்றைத் திருகில் பிணைக்கும் முறையைப் புகுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்த இரும்புக் கம்பிகளையும் பிடிப்பானையும் ஒழித்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் டைட்டானியத் திருகுகளும் துளையிட்ட செயின்களுமாக வெறி சற்று மிஞ்சியதென்பதே நம் கருத்து. மெலிந்த உறுப்பு முறிந்தால் முதலில் தரையில் மோதுவது முகம். விலையுயர்ந்த உலோகப் பெடல்கள் பலவற்றைவிட மலிவான பிளாஸ்டிக் பெடல் இலேசாக இருந்தது அக்காலத்தின் சுவையான முரண். இன்று ஒன்பது, பத்து கிலோவில் நல்ல ஃப்ளாட்லேண்ட் வண்டி கிடைக்கிறது.

அந்த ஒன்பது கிலோவுக்குள்ளும் ஒரு பிடிவாதமான சுமை உண்டு. சாதாரண மிதிவண்டியைப் பின்னோக்கி உருட்டினால் பெடலும் பின்னோக்கிச் சுற்றும். ஒற்றைச் சக்கரத்தில் பின்னே உருண்டபடி ஆடுபவரின் காலை அது தட்டிவிடும். இதைத் தவிர்க்க, குழந்தைகள் வண்டியில் வரும் பின்மிதி பிரேக் ஹப்பைப் பிரித்து, உள்ளிருந்த பிரேக்கைக் களைந்து, பின்னோக்கி உருளும்போது பெடல் அசையாதபடி 1980களிலேயே சிலர் மாற்றியமைத்தார்கள். ‘ஃப்ரீகோஸ்டர்’ என்று பெயர்பெற்ற அந்த ஹப் பின்னர் தொழிற்சாலைகளிலிருந்தே வந்தது. அலுமினிய உடல் பெற்றது, மெருகேறியது. ஆயினும் உள்ளிருக்கும் கிளட்சுக்காக வழக்கமான ஹப்பைவிட அது இன்னும் கனமே. அதுவும் எடை மிகவும் உறுத்தக்கூடிய பின்சக்கரத்தின் நடுவில். திருகுக்குத் திருகு கிராம் எண்ணியவர்கள் அதைக் கழற்ற முன்வரவில்லை. 2019இல் செங்டுவில் யூ.சி.ஐ. உலகப் போட்டியில் ஃப்ளாட்லேண்ட் இடம்பெற்ற காலத்திலும், பின்னோக்கி உருண்டு ஆடுகிறவர்களின் சக்கரத்தில் அந்தக் கனத்த ஹப்தான் சுழன்றுகொண்டிருந்தது.