மூன்றின் பன்னிரண்டாம் வலுவும் யாழ் நரம்பும்

மட்டக்களப்பு வாவியிலே நிலவெறிக்கும் இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையிற் செவிவைப்போர், நீரடியினின்றெழும் இன்னோசையைக் கேட்பர் என்பது நெடுநாள் வழக்கு. அவ்வாவிக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாவர். அவரைப்போல இசையைச் செவியால் மட்டுமன்றி எண்ணாலும் அளந்தறியப் புகுவார் யாவர்க்கும் எதிர்நிற்கும் எண் ஒன்றுண்டு. அஃது 531,441.

அவ்வெண் பிறக்குமாறு காண்போம். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் குரல் அடுத்த தானத்திற் குரலாகவே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கின் இளி பிறக்கும். ஆகவே இளியின் அதிர்வு குரலின் அதிர்வைப்போல் 3/2 மடங்காகும். இளியையே குரலாகக் கொண்டு மீண்டும் இளி காண, இவ்வாறு பன்னிரு முறை செல்லின், ஏழு தானம் உயர்ந்த குரலை அடைதல் வேண்டும். கணக்கோ அவ்வாறு முடிவதில்லை. பன்னிரு இளிகள் தருவது 531,441/4,096. ஏழு தானங்கள் தருவது 128, அதாவது 524,288/4,096. மேலெண்ணில் மிஞ்சுவது 7,153.

இம்மிச்சம் கணித்தவர் பிழையுமன்று, யாழ் செய்தவர் பிழையுமன்று, எண்ணின் இயல்பேயாம். 531,441 என்பது 729இன் வர்க்கம், 81இன் கனம், 27இன் நான்காம் வலு, 9இன் ஆறாம் வலு. இத்துணை வடிவங் கொண்டும் அதன் முதன்மைக் காரணி மூன்று ஒன்றே. 524,288 என்பது இரண்டின் பத்தொன்பதாம் வலு. மூன்றின் வலுக்கள் யாவும் ஒற்றை. இரண்டின் வலுக்கள் யாவும் இரட்டை. எத்துணை முறை பெருக்கினும் இவை ஒன்றாதல் இல்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுச் சீன நூலாகிய ‘ஹுவாய்நான்சி’, மூன்றின் பதினோராம் வலுவாகிய 177,147ஐ இசைக்கணக்கின் பேரெண்ணாகக் கூறுகின்றது.

மிச்சத்தை எவ்விடத்து அடக்குவது என்பதே அறிஞர்முன் நின்ற வினா. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டு வெளிவந்த ‘கருணாமிர்த சாகரத்திற்’ சமபங்கீட்டை வற்புறுத்தினார். அம்முறையில் மிச்சம் பன்னிரு நிலைகளுக்கும் பகிரப்பட்டு மறையும். ஆயின் இளி 3/2 அளவினின்றுஞ் சிறிது குறையும். அடிகளோ, சிலப்பதிகார உரைவழி வந்த இருபத்திரண்டு அலகுகளைக் கைக்கொண்டு ஆராய்ந்தார். குரலுக்கும் இளிக்கும் இடையே பதின்மூன்று அலகு. பன்னிரு முறைக்கு 156. ஏழு தானத்துக்கு 154. அலகுகள் சமமாயின் மிச்சம் இரண்டலகு. 531,441 காட்டும் மிச்சமோ ஓரலகிற் பாதியினுங் குறைவு. எனவே, இளி 3/2 ஆக நிற்பின் அலகுகள் சமமாதல் கூடாது. ஒன்றைப் பேணின் மற்றொன்றை விடுதல் வேண்டும்.

அடிகளின் ‘யாழ் நூல்’ 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். வாவிக்கரையிலே, கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில் அவர்தம் சமாதி உளது. பண்ணையும் எண்ணையும் வெவ்வேறு வகுப்பிற் கற்கும் மாணவர்க்கு, இரண்டும் ஒரு நரம்பின்மேலேயே நிற்றலை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.