ஏரிக்கு ஆறு பேர்

உத்திரமேரூர் என்றால் தேர்தல். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பராந்தக சோழன், குடவோலை, பானைக்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சின்னப் பையன். பரீட்சையில் தப்பாமல் வரும் கேள்வி. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடிகூட இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார்.

எல்லாம் சரி. இத்தனை பாடுபட்டு ஆள் பிடித்தார்களே, எந்த வேலைக்கு?

அதைத்தான் நாம் கேட்பதே இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் விடை பளிச்சென்று இருக்கிறது. கி.பி. 919ல் ஒரு கல்வெட்டு. 921ல் அதைத் திருத்தி இன்னொன்று. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது முப்பது வார்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்புக்கு ஒருவராக முப்பது பேர் தேர்வாகிறார்கள். இதில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம். அதுதான் பெரிய கமிட்டி. அடுத்த பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மிச்சம் ஆறு பேர்? ஏரி வாரியம்.

கவனியுங்கள். முப்பதில் பதினெட்டு பேருக்குத் தோட்டமும் ஏரியும்தான் டிபார்ட்மென்ட்! பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எல்லாம் தனி. அவற்றுக்குப் பிறகு ஓலை போட்டு ஆள் எடுக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெரிய கமிட்டிக்கு யாரை எடுப்பது? வயசும் படிப்பும் மட்டும் போதாது. ஏற்கெனவே ஏரி வாரியத்திலோ தோட்ட வாரியத்திலோ வேலை பார்த்திருக்க வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், ஏரிக்கரையில் கால் வைக்காதவனுக்கு பிரமோஷன் கிடையாது.

நகரத்தில் இன்று எல்லாமே பசுமை. பசுமைக் கட்டடம், பசுமைப் பூங்கா, மொட்டைமாடித் தோட்டம், மஞ்சப்பை. மரக்கன்று நடாத பிறந்தநாள் விழா இல்லை. இதெல்லாம் நாலு நாள் கூத்தா, நிஜமாகவே நாம் உருப்பட ஆரம்பித்துவிட்டோமா என்று ஒரு பட்டிமன்றம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கென்னவோ, தீர்ப்பை அந்தக் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருஷம் முன்பே எழுதி வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

சோழர்கள் வருவதற்கு முன்பே அந்த ஊரில் ஒரு பெரிய ஏரி இருந்தது. வைரமேக தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ஏரி வெட்டுவது ராஜாக்களுக்குப் பெருமை. வெட்டியாயிற்று, பெயர் வைத்தாயிற்று, ராஜா காஞ்சிபுரத்துக்குப் போயாயிற்று. அடுத்த மழைக்கு வண்டல் வந்து உட்காருமே, அதை யார் அள்ளுவது?

பி.காம். முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மூலதனச் செலவு வேறு. பராமரிப்புச் செலவு வேறு. முதலாவதற்கு ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு மாலை, மேளம் எதுவும் கிடையாது. ஆனால் சொத்து உயிரோடு இருப்பது இரண்டாவதால்தான்.

தொண்டை மண்டலத்து ஆசாமிகளுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஏரிக்கென்று நிலம் ஒதுக்குவார்கள். அதன் வருமானம் ஏரியைத் தவிர வேறெதற்கும் போகாது. ஏரிப்பட்டி என்று அதற்குப் பெயர். யாராவது பொன் கொடுத்தால் சபை அதை முதலாக வைத்துக்கொள்ளும். வட்டியில் வருஷா வருஷம் தூர்வாரும். ஓடத்தில் போய் வண்டலை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டுவார்கள். ஏரி ஆழமாகும், கரை பலமாகும். முதலைத் தொடாமல் வட்டியில் குடித்தனம்!

சரி, அந்த வட்டியை வாரியத்து ஆட்களே சாப்பிட்டுவிட்டால்? அதற்குத்தான் கல்வெட்டின் சுவாரஸ்யமான பகுதி. பதவிக் காலம் 360 நாள். நடுவில் குற்றம் என்று தெரிந்தால் உடனே வீட்டுக்கு. கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவருக்கு இந்தத் தடவை ஓலை கிடையாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரா? அவர் பெயரைப் பானைக்குள் போடவே கூடாது. அவர் மட்டுமல்ல. அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், மாமா, அத்தை பிள்ளை, சகோதரியின் புருஷன்... பட்டியல் நீள்கிறது. ஒருத்தர் கணக்கை மறைத்தால் சொந்தபந்தம் மொத்தமும் அவுட்.

அவசரப்பட்டு அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட வேண்டாம். அது பிராமணர்களுக்கு தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். சொந்த நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் இருக்கிற, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு மட்டும்தான் ஓலையில் இடம். பெண்களுக்குக் கிடையாது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவனுக்கும் கிடையாது. அந்த அநியாயத்தை அங்கேயே விட்டுவிடலாம். எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு நோட்டை.

இப்போது சென்னைக்கு வருவோம். தி.நகரில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கிறோமே, அது ஒரு ஏரி. 1920களில் தண்ணீரை வடித்துவிட்டு மனை போட்டார்கள். நடுவில் பனகல் பார்க் என்று அழகாக ஒரு பூங்காவும் வைத்தார்கள். ஏரி போச்சு, தோட்டம் வந்தது! மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது. வியூதான் இல்லை. 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

2003ல் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஊர் முழுக்கக் குழாய் பதித்தார்கள், குழி வெட்டினார்கள். 2005ல் நல்ல மழை. கிணறுகளில் தண்ணீர் ஏறியது. நிஜமான முன்னேற்றம், சந்தேகமே இல்லை. அதன் பிறகு? குழியில் போட்ட ஜல்லியை எடுத்துக் கழுவியவர்கள் எத்தனை பேர்? மண் அடைத்துக்கொண்ட குழி, வண்டல் ஏறிய ஏரி மாதிரிதான். இருக்கும், ஆனால் இல்லை.

2015 டிசம்பரில் வெள்ளம். நாலே வருஷத்தில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ம் தேதி, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்றோம்.

ஏரியைக் கவனிக்கும் பழக்கம் ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஏரிகளும் அதன் வருமானமும் மெல்ல மெல்ல சர்க்கார் கைக்குப் போயின. ஊரார் தாங்களாகவே செய்துவந்த குடிமராமத்து நசிந்தது. 1858ல் ஒரு சட்டம் போட்டார்கள். அவசர வேலைக்கு வராவிட்டால் தண்டனை! பணமும் அதிகாரமும் எங்களுக்கு, மண்வெட்டி மட்டும் உனக்கு என்றால் எவன் வருவான்? 2017ல் தமிழக அரசு அதே குடிமராமத்துப் பெயரில் ஏரிகளைத் தூர்வாரத் திட்டம் கொண்டுவந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடக்க விழா. முதல் கட்டமாக 100 கோடி ரூபாய். நல்ல காரியம். ஆனால் தூர்வாருவது ஒரு விழா அல்ல, வருஷா வருஷம் வரும் செலவு. அதற்கான முதல் எங்கே, வட்டி எங்கே?

ஃபேஷனா, முன்னேற்றமா என்று கண்டுபிடிக்க மரக்கன்றை எண்ணிப் பிரயோஜனமில்லை. மூன்று கேள்வி போதும். இதைப் பராமரிக்கிற ஆள் யார்? அடுத்த வருஷச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கணக்குக் காட்டாவிட்டால் என்ன தண்டனை? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது முன்னேற்றம். இல்லாவிட்டால் போட்டோ.

உத்திரமேரூர் ஏரி இன்றும் இருக்கிறது. செய்யாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே அதற்கு வருகிறது. எத்தனையோ ராஜ்ஜியம் வந்து போனபிறகும் ஏரி மிஞ்சியதற்குக் காரணம் அதை வெட்டியவர்கள் மட்டுமல்ல. வெட்டியவர்கள் போனபின் வருஷக்கணக்காக வண்டல் அள்ளியவர்கள், அவர்களிடம் கணக்குக் கேட்டவர்கள்.

உங்கள் அபார்ட்மென்ட்டின் அடுத்த மீட்டிங்கில் பெயின்ட் கலர் பற்றிய சண்டை முடிந்ததும் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். மழைநீர்க் குழியைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எந்த வருஷம்? பதில் வராது. வாரியத்துக்கு ஆறு பேரை அங்கேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஓலைகூட வேண்டாம், துண்டுச் சீட்டு போதும்.