வன்னிக் கட்டடங்களின் நீர்த்தொகுதிகளில் லெஜியோனெல்லா: வெப்பநிலை விதியொன்றின் மீளாய்வு

கட்டடங்களின் நீர்க்குழாய்களில் வளரும் லெஜியோனெல்லா பக்டீரியாவைக் கட்டுப்படுத்த ஐரோப்பியக் கைந்நூல்கள் தரும் விதி எளிமையானது: சுடுநீரை ஆற விடாதே, குளிர்நீரைச் சூடேற விடாதே. ஐக்கிய இராச்சியத்தின் வழிகாட்டி இதற்கு எல்லைகளையும் வகுத்திருக்கிறது. சுடுநீர்த் தாங்கியில் 60 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50 பாகையும், வைத்தியசாலைகளில் 55 பாகையும் எட்ட வேண்டும். குளிர்நீர் 20 பாகைக்குக் கீழே நிற்க வேண்டும். இவ்விதியின் முற்பாதி கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் அப்படியே பொருந்தும். பிற்பாதி பொருந்தாது. நிலத்தடி நீரின் வெப்பநிலை ஓரிடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். வன்னியில் அது ஏறத்தாழ 28 பாகை. கிணற்றிலிருந்து மேலேறும்போதே நீர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. எனவே இங்கே ஆபத்தின் பெரும்பகுதி சுடுநீர்த் தொகுதிக்கு வெளியே, நாம் குளிர்நீர் என்று நம்பும் குழாய்களில் இருக்கிறது என்பதும், கட்டுப்பாடும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1976 ஜூலையில் பிலடெல்பியா நகர ஹோட்டலொன்றில் கூடிய அமெரிக்க முன்னாள் படையினரிடையே பரவிய நியூமோனியாவால் 34 பேர் இறந்தனர். அடுத்த ஜனவரியில்தான் ஆய்வாளர் ஜோசப் மெக்டேட் அதற்குக் காரணமான லெஜியோனெல்லா பக்டீரியாவை இனங்கண்டார். அது 20 முதல் 45 பாகை வரை பெருகும். 35 பாகையை ஒட்டி மிக வேகமாகப் பெருகும். 50 பாகையில் பத்தில் ஒன்பது பங்கு அழிய ஒன்றரை மணி நேரம் போல ஆகும். 60 பாகையில் அதற்கு இரண்டு நிமிடம் போதும். இந்நோய் பெரும்பாலும் நீரைக் குடிப்பதால் வருவதில்லை. ஷவரிலிருந்தும் குளிரூட்டும் கோபுரங்களிலிருந்தும் சிதறும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதால் வருகிறது. இப்பக்டீரியா அமீபாக்களுக்குள் புகுந்து பெருகும் என்பதை 1980இல் ஆய்வாளர் ரோபோதம் காட்டினார். தண்ணீரில் குளோரீன் இருந்தும் சில தொகுதிகளில் இது தப்பிப் பிழைப்பதற்கு அமீபாவின் கூடும் குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலமுமே காரணம்.

இப்போது ஒரு மொட்டைமாடியைப் பார்ப்போம். கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி நாள் முழுதும் வெயிலில் நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் பீவீசீ குழாய் கொங்கிரீட் தளத்தின்மேல் வெறுமனே கிடந்து குளியலறைக்குப் போகிறது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. இரவானால் அது ஆறும், ஆனால் வளர்ச்சி எல்லைக்குக் கீழே ஒருநாளும் இறங்காது. தாங்கியின் அடியில் வண்டல் சேர்ந்திருக்கும். வவுனியாவின் கடின நீர் ஷவர் முகப்பின் துளைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியச் செய்திருக்கும். பக்டீரியாவுக்கு உணவும் உறைவிடமும் அந்த வண்டலிலும் சுண்ணாம்பிலும் கிடைக்கின்றன.

இதோடு தேக்கம் சேரும்போதுதான் நிலைமை மோசமாகிறது. புலம்பெயர்ந்தோர் பணத்தில் எழுந்த மாடிவீடுகள் பல ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ கனடாவிலிருந்து வரும் பெற்றோர், மாதக்கணக்காக அசையாத தண்ணீரில் முதல் ஷவரை எடுக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள் இந்நோய்க்கு எளிதில் இலக்காவார்கள். அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக விடுதிகள் விடுமுறையில் ஓய்ந்து மீண்டும் நிரம்பும்போதும் இதே தேக்கம் நேர்கிறது. தீர்வுக்குப் பணம் வேண்டியதில்லை: ஷவர் முகப்பைக் கழற்றிவிட்டு, துளி சிதறாதபடி, குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டால் போதும். பயன்பாடு குறைந்த குழாய்களை வாரம் ஒருமுறையாவது இப்படி ஓடவிட வேண்டும்.

சுடுநீர்ப் பக்கத்தில் வன்னிக்கே உரிய சிக்கல் இரண்டு. முதலாவது சூரிய நீர்சூடாக்கி. கோடையில் அது தாராளமாகச் சூடேற்றும். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவ மழையில் வானம் மூடிக்கிடக்கும்போது, துணை மின்சூடாக்கி இல்லாத தாங்கியில் நீர் நாட்கணக்கில் 35, 40 பாகையில் நின்றுவிடலாம். பக்டீரியாவுக்கு அதைவிட உகந்த சூடு வேறில்லை. இரண்டாவது மின்கட்டணம். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு உயர்ந்தபின், வெப்பநிலைத் திருகைக் குறைத்து வைக்கத் தோன்றுவது இயல்பு. 60 பாகையிலிருந்து 45க்கு இறக்கினால் கிடைக்கும் சேமிப்பு அந்த ஆபத்துக்கு ஈடாகாது. குளிப்பவரின் தோல் வெந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத் தாங்கியின் சூட்டைக் குறைக்கக் கூடாது. குழாய்முனைக்கு மிக அருகே கலப்பு வால்வைப் பொருத்த வேண்டும். சுடுநீர் வேண்டாத நாட்களில் சூடாக்கியை நிறுத்துவதானால், மறுபடி பயன்படுத்துமுன் முழுத் தாங்கியையும் 60 பாகைக்கு ஏற்ற வேண்டும்.

குளிர்நீர்ப் பக்கத்தில் வெப்பநிலை நமக்குக் கைகொடுக்காது என்பதால் குளோரீனே முதன்மைக் கருவி. பாவனையாளரை அடையும் நீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சிய குளோரீன் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சூட்டில் குளோரீன் விரைவாகக் குறைந்துவிடுகிறது. நீரின் pH பெறுமானம் 8ஐத் தாண்டினால் அதன் வலுவும் குன்றுகிறது. ஆகவே தெருக்குழாயில் அளவு சரியாக இருப்பது போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கட்டடத்தின் கடைசிக் குழாயிலும் சோதிக்க வேண்டும். சொந்தக் குழாய்க் கிணற்றை நம்பும் ஹோட்டல்களில் யாரும் கலக்காவிட்டால் குளோரீனே இராது. தாங்கிக்குக் கூரை போடுவதும், குழாயைச் சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ கொண்டுபோவதும், தாங்கியை ஒருநாள் தேவைக்கு மேல் பெரிதாக்காமல் இருப்பதும் உதவும். மின்வெட்டுக்கு அஞ்சிப் பெரிய தாங்கி வைப்பவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அவர்களுக்குக் கூரையும் ஒழுங்கான கழுவலும் இன்னும் அவசியம்.

வன்னியில் இப்படியொரு நோயை யார் கண்டார்கள் என்ற கேள்வி எழும். மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியாத் தொற்றின் கதை இங்கே பயனுள்ளது. இலங்கையில் அதன் முதல் நோயாளி 1927இல் பதிவானார். பின்னர் பல பத்தாண்டுகள் அது இங்கே அரிய நோய் என்றே எண்ணப்பட்டது. 2006க்குப் பின் ஆய்வுகூடங்கள் முனைந்து தேடியபோது நாட்டின் பல பகுதிகளிலும் வேரூன்றியிருப்பது தெரிந்தது. லெஜியோனெல்லா சாதாரண வளர்ப்பூடகங்களில் வளராது. தேடாதவர் கண்ணில் படவும் படாது. நியூமோனியாவுக்கு முதலில் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதற்கு வேலை செய்யாது. எலிக்காய்ச்சலைச் சந்தேகித்து டொக்சிசைக்ளின் கொடுத்தால் நோயாளி பெயர் தெரியாமலேயே தேறிவிடவும் கூடும். ஆய்வுகூட வசதி நிறைந்த நகரிலும் இத்தடுமாற்றம் நேர்ந்திருக்கிறது. தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவில் 2005 இலையுதிர்காலத்தில் செவன் ஓக்ஸ் முதியோர் இல்லத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொடக்கச் சோதனைகள் எதையும் காட்டவில்லை. இறந்தோரின் நுரையீரல் திசுவை ஆராய்ந்த பிறகே ஒக்டோபரில் லெஜியோனெல்லா என்று தெரிந்தது. மூலம் குளிரூட்டும் கோபுரம்.

குடிநீரே தட்டுப்பாடான ஊரில் இதுவா முதற் கவலை என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. வீடுகளுக்குச் சட்டம் போட இப்போது அவசியமில்லை. வைத்தியசாலைகளை அப்படி விடமுடியாது. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகள் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுகளுக்கு வாரந்தோறும் வருகிறார்கள். அவர்களின் விடுதிகளில் முதலில் மாற்ற வேண்டியது மிகச் சிறிய ஒன்று: ஒட்சிசன் ஈரப்பதக் குப்பியிலும் நெபுலைசரிலும் குழாய்த்தண்ணீர் ஊற்றுவதையோ, அவற்றை அதில் அலசுவதையோ நிறுத்தித் தொற்றுநீக்கிய நீரை மட்டுமே பயன்படுத்துவது. அதன்பின் தொலைவிலுள்ள குழாய்களின் வெப்பநிலையையும் குளோரீனையும் மாதந்தோறும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். ஷவர் முகப்புகளைக் காலாண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுண்ணாம்பு நீக்க வேண்டும்.

வைத்தியசாலையில் அனுமதித்து இரண்டு நாளுக்குப் பின் நியூமோனியா வருபவரின் சிறுநீரில் லெஜியோனெல்லா எதிர்ப்பொருளூக்கியைச் சோதிக்கும் வழக்கமும் தொடங்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் அச்சோதனை முக்கியமாக நியூமோபிலா இனத்தின் முதலாம் வகையையே காட்டும். எனவே முடிவு எதிர்மறையாக வந்தாலும் சளி மாதிரியை வீசாமல், உரிய ஊடகத்தில் வளர்க்க வசதியுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.