கவனக்குறைவு வழக்கு: கெடா தோட்டப்புறங்களில்

தன் செயலால் யாருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று நியாயமாக எண்ணிப் பார்க்க முடியுமோ, அவர் விஷயத்தில் கவனமாக நடந்துகொள்வது ஒருவரின் சட்டக் கடமை. அந்தக் கடமை இருந்தது, மீறப்பட்டது, மீறியதால்தான் காயமோ மரணமோ பொருள் நஷ்டமோ நேர்ந்தது என்று நிரூபிப்பவருக்கு நஷ்டஈடு கிடைக்கும். இஞ்சி பீர் புட்டிக்குள் செத்த நத்தை கிடந்ததாகத் தொடுக்கப்பட்ட ஸ்காட்லாந்து வழக்கில், 1932இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வகுத்த கோட்பாடு இது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்கு உரியதாக்கியதால் கெடா நீதிமன்றங்களும் இதையே பின்பற்றுகின்றன. கோலா கெடாவில் லங்காவிக்குப் படகேறும் பயணிக்கும், சுங்கை பட்டாணியில் சிகிச்சைக்கு வரும் நோயாளிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. திறமையான சக ஊழியர், தகுந்த கருவி, ஆபத்தில்லாத வேலைமுறை ஆகிய மூன்றையும் தருவது முதலாளியின் சொந்தப் பொறுப்பு என்று 1937இல் ஒரு சுரங்க வழக்கில் தீர்ப்பானது. அந்தப் பொறுப்பைக் கங்காணியிடமோ குத்தகைக்காரரிடமோ கைமாற்றிவிட முடியாது. முதுகில் சுமக்கும் தெளிப்பான் ஒழுகி, மருந்து சட்டையை நனைத்துத் தோலில் இறங்கினால் அது கருவியின் குறை. கையுறையும் முகமூடியும் தராமல் செம்பனைக் காட்டுக்குள் மருந்தடிக்க அனுப்பினால் அது வேலைமுறையின் குறை. மருந்தடிப்பவர்களில் பெண்கள் ஏராளம். அவர்கள் நீண்டகாலம் கையாண்ட பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1இல்தான் மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது.

ஆனால் கடமை இருப்பதாலேயே முதலாளி மீது வழக்குப் போட்டுவிட முடியாது. 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பில் காப்பீடு பெற்றவர் வேலைக் காயத்துக்காக முதலாளி மீதும் அவருடைய ஊழியர் மீதும் நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. யார் குற்றம் என்று நிரூபிக்காமலே மருத்துவச் செலவும் உதவித்தொகையும் கிடைப்பதற்கு ஈடாக இந்தத் தடை. உடனடி உதவி என்ற வகையில் சொக்சோ பெரும் ஆதரவுதான். எனினும் வலிக்கும் வேதனைக்கும் நீதிமன்றம் தனியாகக் கணக்கிடும் தொகை சொக்சோவில் இல்லை. முதலாளியின் கவனக்குறைவு திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் வாய்ப்பும் போய்விடுகிறது. அந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளியைத் தண்டிக்கலாம், ஆனால் அபராதம் அரசுக்கே போகும்.

தடை முதலாளிக்கும் அவருடைய ஊழியர்களுக்கும் மட்டுமே. வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவரை வெளியார் லாரி மோதினால், சொக்சோ உதவி பெற்றுக்கொண்டே லாரிக்காரர் மீது வழக்குப் போடலாம். ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட பிள்ளை மூடாத தொட்டியில் விழுந்தால், பிள்ளை காப்பீடு பெற்ற தொழிலாளி அல்ல என்பதால் நிர்வாகத்தின் மீதே வழக்குத் தொடுக்கலாம். பள்ளியும் அப்படித்தான்: தோட்டக்கலை வகுப்பில் சங்கூல் பட்டு மாணவர் காயமடைந்த வழக்கில், கருவிகளைச் சரிபார்த்துப் பிள்ளைகளைக் கண்காணிக்கவில்லை என்று ஆசிரியர்களின் கவனக்குறைவைக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றது. வழக்கு 1981ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ளது. மருத்துவத்தில், நோயாளிக்கு ஆபத்துகளை எடுத்துச் சொல்லும் கடமையை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்று அதே நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிடச் சிவில் சட்டத்திலேயே சூத்திரம் உண்டு. 2019 செப்டம்பர் 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 31 முதல் 59 வயதுள்ளவரின் வயதை 60இலிருந்து கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். காயம்பட்டவருக்கு 40 வயதென்றால் பத்து ஆண்டு வருமானம். 30 வயதுக்கு உட்பட்டவருக்கு 16 ஆண்டு. ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத தினக்கூலியின் குடும்பம் வருமானத்தை நிரூபிக்கவே திணறுகிறது. மரணத்துக்காக வழங்கப்படும் துயர்த் தொகையும் அதே திருத்தத்தால் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆனது. காயம்பட்டவர் தலைக்கவசம் அணியாதது போன்ற சொந்தத் தவறு இருந்தால், அதற்கேற்ப 12ஆம் பிரிவின்படி தொகை குறையும்.

பலருடைய உரிமை பறிபோவது காலக்கெடுவில். பொதுவாக ஆறு ஆண்டு. இறந்தவரைச் சார்ந்திருந்தோர் தொடுக்கும் வழக்குக்கு மூன்று ஆண்டு. அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, அரசு வாகனம் சம்பந்தப்பட்டால் 36 மாதம் மட்டுமே. போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு அதற்குள் வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ அணுகிவிட வேண்டும்.