பள்ளியும் பந்தியும்

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குப் 'பள்ளி' என்னும் சொல் இருபொருள் தருவது. தொழும் இடமும் பள்ளி. பிள்ளைகள் கற்கும் இடமும் பள்ளி. தொழும் பள்ளியில் முந்தி வந்தவர் முன் ஸஃப்பில் நிற்கிறார். பிந்தி வந்தவர் ஊரின் பெருந்தனக்காரரே ஆயினும் பின் ஸஃப்பில்தான் நிற்க வேண்டும். கற்கும் பள்ளியில் அந்த வரிசை எவ்வாறு அமைந்தது, எவரெவர் அதில் இடம் பெற்றனர், எவரெவர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பது நீண்டதொரு வரலாறு. அவ்வரலாற்றில் நாம் வாழும் கொங்கு நாட்டுக்குத் தனிப்பங்கு உண்டு. அதில் பெருமைப்படத் தக்கவையும் உள. தலைகுனியத் தக்கவையும் உள.

முதலில் நெல்லைச் சீமையில் நிகழ்ந்ததைக் காண்போம். 1922இல் வ.வே.சு. ஐயர் அவர்கள் சேரன்மாதேவியில் ஒரு குருகுலத்தை நிறுவினார். நாட்டுக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்த தியாகி அவர். குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அங்கே ஒன்றாகப் படித்த பிள்ளைகளுள் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் விருப்பத்தின்படி, உணவு தனியே பரிமாறப்பட்டது. இச்செய்தி வெளிவந்ததும் 1924-25ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி வேற்றுமை ஏன் என்று உரத்துக் கேட்டவருள் இருவர் நம் பக்கத்து மண்ணினர். ஒருவர் ஈரோட்டில் பிறந்த பெரியார் ஈ.வெ. ராமசாமி, மற்றவர் இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. "இரண்டு சிறுவர் தனியே உண்பதால் என்ன கெட்டுவிடும்?" என்று எண்ணியோரும் அன்று இருந்தனர். பள்ளியில் தனி இலை போடப்படும்போது மற்றப் பிள்ளைகள் அனைவரும் தம்மைப் பற்றி ஒரு பாடம் கற்றுவிடுகின்றனர் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

அச்சர்ச்சை ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், 1930இல், கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய நிறுவனம் அது. 1934இல் காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையாகக் கொங்கு நாட்டுக்கு வந்தபோது பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். நிறுவியவர் பின்னாளில், 1946 முதல் 1949 வரை, சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் விளங்கினார்.

பந்தியில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? கல்லூரி இருக்கையிலும் இடம் வேண்டுமே! சென்னை மாகாணத்தில் 1921இல் முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. நாடு விடுதலையடைந்த காலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் இவ்வாறு பங்கிடப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. அந்த ஓரிடத்தில் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவர் அமர முடிந்தது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாணை செல்லாது என்றது. தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியில் பின்தங்கியோருக்குத் தனிவகை செய்ய இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது இவ்வடித்தளத்தின் மீதுதான். அன்று போராடியவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர் அல்லர். அவர்கள் திறந்த கதவின் வழியே நம் பிள்ளைகளும் நுழைந்தனர்.

இனி 1954ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டில் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதியதொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி; எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இன்னும் பலருக்குக் கல்வி தரலாம் என்பது அரசின் வாதம். நெசவாளி மகன் தறியிலும், செருப்புத் தைப்பவர் மகன் தோலிலுமே முடங்க இது வழிசெய்யும் என்பது எதிர்த்தோர் வாதம். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயரே நிலைத்தது. ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதல்வரானார். திட்டம் கைவிடப்பட்டது என்று 1954 மே 18ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். ராஜாஜியின் அமைச்சரவையிலும் இருந்தவர்.

அதற்கு முந்தைய நாள், மே 17ஆம் தேதி, கடல்கடந்த அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது சட்டப்படி சரியே என்ற பழைய கொள்கையை நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தள்ளினர். கட்டடமும் பாடநூலும் ஒன்றாயிருந்தாலும், பிரித்து வைப்பதே அப்பிள்ளைகளின் உள்ளத்தில் தாழ்வை விதைக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒன்றை ஒன்று அறியாமல் உலகின் இரு மூலைகளில் அடுத்தடுத்த நாள்களில் இரு கதவுகள் திறந்தன.

ஆனால் கதவு திறந்தவுடன் உள்ளமும் திறந்துவிடுகிறதா? 1957இல் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குள் நுழைய அதிபர் ஐசன்ஹோவர் படையை அனுப்ப வேண்டியிருந்தது. நம் நாட்டுக் கதையும் வேறன்று. 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் முளைவிட்டு, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் சத்துணவாக விரிந்த மதிய உணவு, பசியை மட்டுமா தீர்த்தது? ஒரே உலை, ஒரே பந்தி என்ற பாடத்தையும் அது கற்பித்து வந்தது. அவ்வாறிருக்க 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்து அரசுப் பள்ளியில், சமையலுக்கு வந்த அம்மையார் பட்டியலினத்தவர் என்பதால், அவர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் மறித்தனர். அதிகாரிகள் முதலில் அந்த அம்மையாரையே இடம் மாற்றினர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அம்மாற்றம் நீக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. சேரன்மாதேவியில் தனி இலை போடப்பட்டதைத் தட்டிக்கேட்டவர் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே, ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின், உலையையே விலக்க முனைந்தனர்!

"இது பிற சமயத்தார் வீட்டுச் சண்டை, நமக்கென்ன?" என்று நம்மவர் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு விடையாக நம் ஆசிரியப் பணியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. நம் சமுதாயத்து அன்பர் ஒருவர், ஐவேளையும் தொழுபவர், ஒருநாள் வகுப்பறை வாயிலுக்கு வந்தார். தம் மகனை வேறு பலகையில் அமர்த்துமாறு தணிந்த குரலில் கேட்டார். "பக்கத்தில் இருக்கிற பையன் எந்தத் தெருவென்று உங்களுக்கே தெரியுமே, ஹழ்ரத்" என்றார். அப்போதே மறுத்திருக்க வேண்டும் நாம். "பார்க்கலாம்" என்றோம். மறுநாள் மாற்றியும் விட்டோம். இடம் மாறிய பிள்ளை ஏன் என்று கேட்டான். மற்றவன் கேட்கவில்லை. அவனுக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தது. இல்ம் தேடி வந்த கண்ணிழந்த தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு இறங்கிய 'அபஸ' அத்தியாயத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நாமே அன்று முகம் திருப்பிக்கொண்டோம். ஆண்டுகள் பல சென்றும் அச்சிறுவனின் மௌனம் நம்மை விட்டு அகலவில்லை.

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், தமிழக அரசு நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமைத்தது. அவருடைய அறிக்கை 2024 ஜூனில் வந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் மாணவர் கையில் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் சில. இவை நல்லவையே. எனினும் கையிலுள்ள கயிற்றை ஆசிரியர் அறுக்கலாம். வீட்டில் மனத்தில் கட்டப்படும் கயிற்றை யார் அறுப்பது? அதைக் கட்டுபவர் பெற்றோரே. அறுக்கக் கடமைப்பட்டவரும் அவர்களே.

நம் ஊர்கள் பலவற்றில் கல்யாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து கைபோட்டு உண்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். அப்பெருமை நம் பந்தலுக்குள்ளேயே நின்றுவிடலாகாது. இன்று மாலை உங்கள் பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும், எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், யார் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அவன் எந்தப் பெயரைச் சொன்னாலும், "நாளைக்கு அவனுக்கும் சேர்த்துக் கட்டித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நாம் அன்று சொல்லத் தவறிய சொல் அதுதான்.