டிசம்பர்ல பொறந்தது ஒரு குத்தமா?

பள்ளிக்கூட நிகழ்தகவுக் கணக்கு ஞாபகம் இருக்கா மக்களே? நன்கு கலைத்து அடுக்கிய 52 சீட்டுன்னு ஆரம்பிக்கும். நாம 52-ஐப் பார்த்ததும் அதைக் கீழே போட்டு வகுக்க ஆரம்பிச்சுடுவோம். அந்த "நன்கு கலைத்து"ங்கற ரெண்டு வார்த்தையை நான் ஒருநாளும் கண்டுக்கிட்டதே இல்லை. அதுக்குத்தான் மார்க் கிடையாதே! அது எவ்வளவு பெரிய மேட்டர்னு எனக்குப் புரிய வச்சது ஒரு அமெரிக்கக் குலுக்கல்.

அதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். ஜேக்கப் பெர்னோலின்னு ஒரு சுவிஸ் கணித மேதை. அவர் செத்து எட்டு வருஷம் கழிச்சு, 1713-ல, அவரோட புத்தகம் வெளிவந்தது. அதுல ஒரு பானை வரும். உள்ளே 3000 வெள்ளைக் கூழாங்கல், 2000 கறுப்பு. ஒண்ணை எடு, நிறத்தைக் குறிச்சுக்கோ, திரும்பப் போடு, மறுபடி எடு. இப்படி 25,550 தடவை எடுத்தா, வெள்ளையோட பங்கு 58-லேர்ந்து 62 சதவீதத்துக்குள்ள நிக்கும், ஆயிரத்துக்கு ஒண்ணுங்கற அளவுக்கு அடிச்சுச் சொல்லலாம்னு கணக்குப் போட்டார் மனுஷன். ஒத்தை கல்லு என்ன நிறம்னு சொல்ல முடியாது. ஆனா மொத்தக் கூட்டம் எப்படி நடந்துக்கும்னு முன்கூட்டியே சொல்லலாம். பெர்னோலி பானையில எந்தக் கல்லுக்கும் சம வாய்ப்பு. அது மனசுக்குள்ள இருக்கற பானை, அதனால பிரச்சினை இல்லை.

நிஜப் பானைக்கு வருவோம். 1969 டிசம்பர் 1, வாஷிங்டன். வியட்நாம் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம். யாரைப் பட்டாளத்துக்கு அனுப்பறதுன்னு அதுவரைக்கும் உள்ளூர் போர்டுகள் முடிவு பண்ணிட்டு இருந்தாங்க. அதுல பாரபட்சம்னு ஏகப்பட்ட புகார். சரி, எல்லாருக்கும் பொதுவா குலுக்கிடுவோம்னு அரசாங்கம் இறங்குச்சு. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 தேதி, 366 நீலநிற பிளாஸ்டிக் கேப்சூல். முதல்ல எந்தத் தேதி வருதோ அதுக்கு எண் 1. 1944-லேர்ந்து 1950 வரைக்கும் பிறந்த பசங்களுக்கு இதுதான் வரிசை. எண் சின்னதா இருந்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். (படிப்பு, உடல்நிலைன்னு விலக்கு வாங்கினவங்களும் உண்டு.) முதல் கேப்சூல்ல செப்டம்பர் 14, கடைசியா ஜூன் 8. 1970-ல எண் 195 வரைக்கும் கூப்பிட்டாங்க.

இப்ப பெர்னோலி வழியில யோசிங்க. 1-லேர்ந்து 366 வரைக்கும் சராசரி 183.5. நியாயமான குலுக்கல்னா ஒவ்வொரு மாசத்தோட சராசரியும் அதைச் சுத்தித்தான் வரணும். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுல, சாதாரணமா ஒரு 18 கூடலாம், குறையலாம். ஜனவரி 201, மார்ச் 226. சரி, போகட்டும். நவம்பர் 149. டிசம்பர்? 121.5! முதல் ஆறு மாசத்துக்கும் அடுத்த ஆறு மாசத்துக்கும் சராசரியில 45 வித்தியாசம். சாதாரணமா அது 11-க்கு அக்கம்பக்கம்தான் இருக்கணும். இந்த மாதிரி ஒரு இடைவெளியை நேர்மையான குலுக்கல்ல பத்தாயிரம் தடவைக்கு ஒரு தடவைகூட எதிர்பார்க்க முடியாது.

இன்னும் நேரடியாச் சொல்லணும்னா, டிசம்பர்ல இருக்கற 31 தேதியில 16, 17 தேதிதான் 195-க்குள்ள வரணும். வந்தது 26.

யாரும் சதி பண்ணலை. கலக்கினதுல சொதப்பிட்டாங்க, அவ்வளவுதான். ஜனவரி கேப்சூல்களை ஒரு பெட்டியில போட்டு, பிப்ரவரியைச் சேர்த்துக் கலக்கி, அப்புறம் மார்ச்சைச் சேர்த்துக் கலக்கி... இப்படியே போனாங்க. ஜனவரி பதினோரு தடவை கலந்துச்சு. டிசம்பர் ஒரே ஒரு தடவை. அப்படியே ஒரு கண்ணாடி ஜாடியில கொட்டி, பெரும்பாலும் மேலாக் கிடந்ததை எடுத்தாங்க. வருஷக் கடைசிப் பசங்க மேலயே உட்கார்ந்திருந்தாங்க.

பத்திரிகைகளும் புள்ளியியல்காரங்களும் கூடிய சீக்கிரமே இதைப் பிடிச்சுட்டாங்க. ஆனா வந்த எண் வந்ததுதான், மறுகுலுக்கல் கிடையாது. 1970 ஜூலைல நடந்த அடுத்த குலுக்கலுக்குத்தான் புத்தி வந்துச்சு. தேதிக்கு ஒரு டிரம், எண்ணுக்கு ஒரு டிரம். உள்ளே போடற வரிசையையே ராண்டம் எண்களை வச்சு முடிவு பண்ணி, சுத்தோ சுத்துன்னு சுத்தினாங்க.

இதுல எனக்கு உறைச்சது இதுதான். "சம வாய்ப்பு"ங்கறது தானா வந்து உட்கார்ற விஷயம் இல்லை. யாராவது கை வலிக்கக் கலக்கினாத்தான் வரும். சூத்திரம் அந்த வேலையை நமக்காகச் செய்யாது. வேலை நடந்துச்சா இல்லையான்னு பின்னாடி காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அதுக்குள்ள டிசம்பர் பையன் பட்டாளத்துக்குப் போயிருப்பான்.

பொட்டி தட்டற நாமளும் ராண்டம் ஃபங்ஷனைக் கூப்பிட்டுட்டு, ஒருதடவை ஓட்டிப் பார்த்துட்டு "கலைஞ்சிருச்சு"ன்னு கிளம்பிடறோம். அடுத்த தடவை ஒரு பத்தாயிரம் முறை ஓட்டி, எது எங்கே எத்தனை தடவை விழுதுன்னு எண்ணிப் பாருங்க. நான் இப்ப அதைத்தான் செய்யறேன் :-)

பி.கு: நீங்க நேர்ல பார்த்த சொதப்பல் குலுக்கல் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல அவுத்து விடுங்க. குறிப்பா டிசம்பர்ல பொறந்தவங்க!