தாயும் ஆன தயாபரன்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் நம் முன்னோர். அம்மறுபிறப்பு நிகழும் வேளையில் அவள் தனித்திருத்தல் ஆகாது என்னும் கருணை நம் தலவரலாறுகளுள் ஊடுருவி நிற்கின்றது. அதனை இரண்டு திருத்தலங்களைக் கொண்டு ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

முதலாவது, சிராப்பள்ளிக் குன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குகைக்கோயில் குடைவித்ததும், திருஞானசம்பந்தர் பதிகம் அருளியதும் இக்குன்றிலேயாம். இங்கு எழுந்தருளியுள்ள செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வாய்த்த வரலாற்றைச் செவ்வந்திப் புராணம் விரித்துரைக்கின்றது. இவ்வூரில் வாழ்ந்த இரத்தினாவதி நிறைமாதக் கர்ப்பிணி. பூம்புகாரினின்று மகளைக் காணப் புறப்பட்ட அன்னை, காவிரியில் பெருவெள்ளம் வந்தமையால் அக்கரையிலேயே தங்கிவிட்டாள். இக்கரையில் மகளுக்கு வலி கண்டது. அவள் இறைவனை நினைந்து கதறினாள். உடனே இறைவன் அன்னையின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான். வெள்ளம் வடியும்வரை தாயையும் சேயையும் பேணினான். மெய்யான அன்னை வந்து சேர்ந்ததும் மறைந்தருளினான்.

அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எல்லாம் வல்லவன் நினைத்திருப்பின், அவ்வெள்ளத்தை அந்நொடியே வற்றச் செய்திருக்கலாகும். அவ்வாறு செய்தானல்லன். தானே வந்து, அருகிருந்து, பணி செய்தான். நிறைமாதத்தாளுக்குத் துணையிருத்தலே பெரும் பூசை என்பதனை இறைவனே நடந்து காட்டினான். சுகப்பேறு வேண்டி இச்சந்நிதியில் வாழைத்தார் சாத்தும் வழக்கம் இன்றும் உண்டு.

இரண்டாவது தலம், தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூர். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகையின் கரு, ஒரு முனிவரின் சாபத்தால் கலைந்தபோது, அம்பிகை அதனைக் குடத்திலிட்டுக் காத்துக் குழந்தையாகத் தந்தாள் என்பது தலவரலாறு. அக்கருகாத்த நாயகியின் திருமுன் வைத்து வழிபட்ட விளக்கெண்ணெயைக் கர்ப்பிணிகள் வயிற்றில் தடவிக்கொள்வர்.

ஆயினும், எல்லா இல்லங்களிலும் சுகப்பேறு வாய்த்திலது. பழைய சாலையோரங்களில் தோளுயரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களுள் பல அதற்குச் சான்றாவன. வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்ட பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுமாறு உற்றார் நாட்டிய கற்கள் அவை. கண்ணீரையும் அறமாக்கிய மரபு நம் மரபு. அத்தகைய கல் இனி ஒன்றும் எழாதிருக்கச் செய்தலே அதனினும் மேலான அறமாம்.

சீமந்தமும், வளைகாப்பும், தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதலும் இந்நோக்கத்தோடு இயைந்தனவே. மாதம் நிறைந்தவளைச் சுற்றத்தார் கூடி மகிழ்வித்து, விரும்பிய சோறு ஊட்டி, ஓய்வு தந்தனர். வளையின் ஒலி கருவிலுள்ள குழவிக்குக் கேட்கும் என்றனர். பிந்திய மாதங்களில் கருக்குழவி ஒலியை உணரும் என்று இன்றைய மருத்துவரும் உரைப்பர். மல்லாந்து படுத்தலை விடுத்து ஒருக்களித்து உறங்குதலும், சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணுதலும், வீங்கிய கால்களைச் சற்று உயர்த்தி வைத்தலும் இம்மாதங்களில் இதம் தருவன. உதிரப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகத்தில் திடீர் வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், நல்ல நேரம் பார்த்து நில்லாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பணமும், வண்டியும், உடன் செல்வாரும் முன்னரே ஆயத்தமாதல் நலம்.

சென்னையில் 1844-ஆம் ஆண்டில் தோன்றிப் பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு மகப்பேறு மருத்துவமனை முதலாகப் பல நிலையங்கள் இன்று இப்பணியைச் செய்கின்றன. அங்கு இரவெல்லாம் விழித்துப் பணிபுரியும் செவிலியர் கைகளிலும் தாயுமானவனின் திருக்கரத்தையே காண்கின்றோம்.

கோயிலுக்குப் பொருள் வழங்கும் புண்ணியர்கள், தம் தெருவில் துணையற்றிருக்கும் ஓர் ஏழைக் கர்ப்பிணிக்குப் பாலும் பழமும் வண்டிக்கூலியும் அளிப்பாராயின், அதுவும் அவன் திருப்பணியே ஆகும். அன்று அன்னையைத் தடுத்த காவிரி வெள்ளம் இன்று வறுமையாய், அறியாமையாய்க் குறுக்கே நிற்கலாம். அதனைக் கடந்து சென்று கைகொடுப்பார் எல்லாரும் தாயுமானவரே.

தாயும் சேயும் நலம் பெறுக! திருவருள் சிறக்க!